பட்டியலில் ஒன்பதாவது பெயர்

அக்டோபர் 19

புதிய ஏடு. முறையாகத் தொடங்காவிட்டால் எனக்கு எழுத வராது. ஆகவே இதில் எழுத இருப்பவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. மன்னிப்புத் தாள் பத்து அமைச்சர்களின் வீடுகளுக்கும் போய்த் திரும்பும் வரலாறு.
2. யாரிடம் எந்த வரிசையில் ஒப்பம் வாங்கினேன், எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பது.
3. ஒப்பங்களை மாதிரி ஏட்டோடு ஒத்துப்பார்க்கும் என் வேலை. அதில் பிழை நேர்ந்தால் அதுவும்.
4. தாளில் உள்ள இருபத்தாறு பெயர்களில் ஒன்பதாவது எனக்குத் தெரிந்தவருடையது. அது என் வேலையை எந்த வகையிலும் பாதிக்காது.
5. வீட்டு விஷயங்கள்: கூரை, கரி, என் பல்வலி.

ஐந்தாவது தேவையா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

இன்று காலையிலிருந்து மன்னிப்புத் தாளைப் படியெடுத்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வடகிழக்கில் அரசை எதிர்த்து எழுந்தவர்களில் இருபத்தாறு பேர் இன்னும் வடக்குத் தீவுச் சிறையில் பாதை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேரரசரின் பிறந்தநாளான நவம்பர் மூன்றாம் தேதி அவர்களுக்கு மன்னிப்பு அறிவிக்க வேண்டும் என்பது தாளின் சாரம். பத்து அமைச்சர்களும் ஒப்பமிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் தாள் அரண்மனைக்குப் போகாது.

ஒன்பதாவது பெயர் ஓகினோ தெய்சோ. என் தம்பி. வாரிசில்லாத ஓகினோ குடும்பத்துக்குப் பதினோரு வயதில் தத்துப் போனவன். அதனால் பெயர் வேறு. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

அவன் பெயரை எழுதும்போது கை நடுங்கவில்லை. இதைக் கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 20

மழை. கூரை இரண்டு இடங்களில் ஒழுகுகிறது.

அக்டோபர் 22

தாளைக் கறுப்பு அரக்குப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழக்கமான ரிக்‌ஷாக்காரர் குமாகிச்சிதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாய் மட்டும் ஓய்வதில்லை.

"இன்னைக்கு எத்தனை பெரிய மனுஷங்க, ஐயா?"

"நாலு பேர்."

"நீங்க எடையே இல்ல. பெட்டிதான் கனக்குது. உள்ள என்ன, அமைச்சருங்களையே மடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"பேசாமல் இழுங்கள்."

"பேசாம இழுத்தா மூச்சு வாங்குமே, ஐயா."

தரைப்படை அமைச்சர் நின்றுகொண்டே ஒப்பமிட்டார். தாளைப் படித்ததாகத் தெரியவில்லை. கடற்படை அமைச்சரின் சுருட்டுச் சாம்பல் தாளின் ஓரத்தில் விழுந்தது, நான் ஊதினேன், அவர் சிரித்தார். நிதி அமைச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்து, பதின்மூன்றாவது பெயரும் இருபதாவது பெயரும் உறவா என்று கேட்டார். இல்லை என்றேன். "பெயர் வேற வேறயா இருந்தாலும் உறவா இருக்கலாமே?" என்றார். எனக்கு வியர்த்தது. "இருக்கலாம்" என்றேன். ஒப்பமிட்டார். கல்வி அமைச்சர் மற்றதற்கெல்லாம் மேல்நாட்டு இரும்புப் பேனாதான் பயன்படுத்துகிறார். அமைச்சரவைத் தாளுக்கு மட்டும் ஏன் இன்னும் தூரிகை என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்கிறார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லும் துணிவு இல்லை. அமைச்சர்கள் இதில் பெயரை எழுதுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கென்று வகுத்துக்கொண்ட ஒரு தூரிகை உருவத்தை வரைகிறார்கள். முத்திரையை யாரும் எடுத்துக் குத்திவிடலாம். இந்த உருவத்தை அந்தக் கை மட்டுமே வரைய முடியும், வரைய வேண்டும். பதவியேற்ற நாளில் அவர்கள் வரைந்த மாதிரிகள் என் பொறுப்பில் உள்ள ஏட்டில் இருக்கின்றன. திரும்பி வரும் ஒவ்வொரு தாளையும் அந்த ஏட்டோடு ஒத்துப்பார்த்து, 'பார்த்தேன், சரி' என்று பதிவேட்டில் எழுதுவது என் கடமை. அமைச்சரவை என்ற ஏற்பாடே நாட்டுக்குப் புதிது. அதில் இந்தச் சிறு மூலை என்னுடையது.

அக்டோபர் 23

இன்று ஐந்து பேர். பிரதமரும் ஒப்பமிட்டுவிட்டார். மிச்சம் ஒருவர்: விவசாய, வணிக அமைச்சர் இசாகா.

மாலையில் கினு பஞ்சு அடைத்த மேலங்கி தைத்துக்கொண்டிருந்தாள். கினு என் தம்பியின் மனைவி. பதினோரு ஆண்டுகளாக என் வீட்டில் இருக்கிறாள். எனக்கு அந்த மேலங்கி நீளம் அதிகம் என்று சொன்னேன்.

"இது உங்களுக்கு இல்லண்ணா. அவருக்கு."

"இப்போது எதற்கு?"

"கோயில்ல பேசிக்கிறாங்க, பேரரசர் பிறந்தநாளுக்கு விடப்போறாங்கன்னு. நீங்க அங்கதான வேலை செய்றீங்க? உங்க காதுல ஒண்ணும் விழலையா?"

"அலுவலக விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை."

"சரி, பேச வேணாம். அது பொய்யின்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

நான் தலையை ஆட்டவில்லை. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊசியில் புது நூல் கோத்தாள். அதன் பிறகு தைக்கும் வேகம் கூடியது. தலையை ஆட்டியிருக்க வேண்டுமோ?

அக்டோபர் 24

இசாகா அவர்களின் வீடு. பத்து அமைச்சர்களில் தோற்ற தரப்பிலிருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். பழைய ஆட்சி கவிழ்ந்து யுகம் மாறிய போரில் இந்த அரசை எதிர்த்துச் சண்டையிட்டு, சிறையிருந்து, மன்னிக்கப்பட்டு, பின்னர் அதே அரசின் அமைச்சரானவர். இந்த மன்னிப்பை முன்மொழிந்ததும் அவரே.

அவர் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒப்பமிடச் சிறிது நேரம் போதும். அரை மணி ஆயிற்று. தேநீர் இரண்டு முறை வந்தது. பெட்டி திரும்பி வந்தபோது அம்மையாரின் விரல் நுனியில் மை இருந்தது.

அக்டோபர் 25

ஒத்துப்பார்த்தேன். ஒன்பது ஒப்பங்களும் சரி.

இசாகா அவர்களின் ஒப்பம் கொக்கு ஒன்று கரைமேல் நிற்பதைப் போன்றது: வளைந்த கழுத்து, கீழே நீண்ட கிடைக்கோடு. மாதிரி ஏட்டில் அந்தக் கோடு இடப்பக்கம் கனமாகத் தொடங்கி வலப்பக்கம் மெலிந்து முடிகிறது. தாளில் வலப்பக்கம் கனத்து இடப்பக்கம் மெலிகிறது. கோட்டை எதிர்த்திசையில் இழுத்திருக்கிறார்கள்.

வேறு கை.

அம்மையாரின் விரலில் இருந்த மையை நினைத்தேன். மை அரைத்துக் கொடுத்தாலும் விரலில் படும்தான். ஏட்டை மூடினேன். திறந்தேன். பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 26

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

மேலங்கிக்குக் கழுத்துப்பட்டி தைத்தாகிவிட்டது. "உங்க தோளுக்கு அளவு பாக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே தோள்" என்று கினு அதை என்மேல் போட்டுப் பார்த்தாள். கழற்றச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் 28

இன்று யானோவிடம் சொல்லிவிட்டேன்.

யானோ எங்கள் எழுத்தர் பிரிவின் தலைவர். வென்ற தரப்பின் ஊர்க்காரர். என் வயதில் பாதிக்குச் சற்று மேல். நல்ல மனிதர். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஹிராயாமா-சான், உங்க கண்ணு வயசு என்ன?"

"அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டு வயசுக் கண்ணு, மழைநாள் வெளிச்சம். கோடு இந்தப் பக்கம் தடிச்சா என்ன, அந்தப் பக்கம் தடிச்சா என்ன? நீங்க இப்ப உள்ளயே வரல, நான் ஒண்ணும் கேக்கல. போய் 'சரி'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போங்க."

"விதி அப்படி இல்லை."

"விதியை எழுதினதே நான்தான்யா!"

"ஆகவேதான் உங்களிடம் சொல்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நாலு வருஷமா என்கிட்ட வாயைத் திறந்து ஒரு குடைகூட கேட்டதில்ல நீங்க. இன்னைக்கு ஒரு அமைச்சரையே கேக்குறீங்க. எழுத்துல குடுக்கிறீங்களா? எழுத்துல வந்துட்டா என்னால மூடி வைக்க முடியாது. மேல போகும். புரியுதா?"

கொடுத்தேன். ஏழு வரி. என் வாழ்நாளில் துணிந்து செய்த காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தனக்கு வேண்டியவரின் பெயர் தாளில் இருந்தும் ஒருவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இந்த வரியைப் பெருமைக்காக எழுதவில்லை.

அக்டோபர் 30

யானோவும் நானும் இசாகா அவர்களின் வீட்டுக்குப் போனோம். இம்முறை உள்ளே அழைக்கப்பட்டோம்.

அவர் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை சட்டைக்கைக்குள் துணிமூட்டையைப் போலக் கிடந்தது. வாயின் ஒரு ஓரம் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் காகிதக் கட்டு. எல்லாம் கொக்குகள். அடியில் கிடந்தவை கோழிக்குஞ்சுகளைப் போலிருந்தன. மேலே வர வரக் கொக்காயின.

"ஆகஸ்ட்ல விழுந்தேன்" என்றார். பேச்சு மெதுவாக வந்தது. "வலது கை போச்சு. மூட்டுவலின்னு சொல்லி வெளிய போறதில்ல, நிஜத்தைச் சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் நாற்காலிக்கு ஆள் வரிசையில நிக்குறாங்க. இந்த ஒரு தாள் போற வரைக்கும் தாங்கிட்டா போதும்னு இடது கையைப் பழக்கினேன். இவதான் மை அரைச்சு, காகிதத்தைப் பிடிச்சுக்குவா."

எங்கள் கண்முன் இடது கையால் வெற்றுக் காகிதம் ஒன்றில் ஒரு கொக்கு வரைந்தார். கோடு வலப்பக்கம் கனத்து இடப்பக்கம் மெலிந்தது. அவருடைய கைதான்.

நான் தரையில் நெற்றி படக் குனிந்தேன்.

"எழுந்திரிங்க. உங்க வேலையைச் செஞ்சீங்க. ஒண்ணு மட்டும் கேக்கலாமா? ஆகஸ்ட்லேருந்து என் ஒப்பத்தோட வேற தாளும் உங்க கை வழியாத்தான போச்சு?"

யானோ இருமினார். அம்மையார் தேநீர் வைத்தார்.

வாசலில் யானோ சொன்னார்: "ஒப்பம் உண்மைதான்னு நான் எழுதிடுவேன். ஆனா ஏன் மாறுச்சுன்னும் எழுதியாகணுமே. நோயாளின்னு ஒரு வரி வந்துட்டா…" பிறகு ரிக்‌ஷாவில் ஏறினார்.

நவம்பர் 1

உடல்நலத்தைப் பேணிக்கொள்ளும்படி பிரதமர் இசாகா அவர்களுக்குக் கனிவான கடிதம் எழுதினார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. மாலைக்குள் அவருடைய ராஜினாமா வந்துவிட்டது. அரண்மனைக்குப் போகாத தாள்கள் எல்லாம் புதிய அமைச்சருக்காகத் திரும்பி வந்து அடுக்கில் உட்கார்ந்தன. மன்னிப்புத் தாள் மேலிருந்து மூன்றாவது.

நவம்பர் 3

பேரரசரின் பிறந்தநாள். வாசல்கள்தோறும் கொடி. நான் எங்கள் கொடியின் கம்பத்தைத் துடைத்துக் கட்டினேன்.

கினு காலையிலிருந்து செய்தித்தாள்காரருக்காக வாசலில் நின்றாள். வாங்கி, தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து மருந்து விளம்பரம்வரை படித்தாள். மேலங்கியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மதியம் சிவப்பு அவரைச் சோறு இருந்தது. கொண்டாட்டத்துக்கென்று நேற்றே ஊறவைத்தது. இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 14

புதிய அமைச்சர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து படிக்க விரும்புகிறாராம். முறைதானே.

டிசம்பர் 2

கரி வாங்கினேன். வடக்குத் தீவில் பனி இடுப்பளவு என்று குமாகிச்சி சொன்னார். யாரோ அவரிடம் சொன்னார்களாம். நான் கேட்கவில்லை.

டிசம்பர் 21

அமைச்சர் வாத்து வேட்டைக்குப் போயிருக்கிறார். தாள் அதே இடத்தில். இப்போது மேலிருந்து ஐந்தாவது.

"நடுவுல எடுத்து மேல வெக்கட்டுமா?" என்று யானோ கேட்டார்.

"வரிசை மாறும்" என்றேன்.

"மாறட்டுமே!"

அவரே எடுத்து மேலே வைத்தார். எனக்கு இது தோன்றியிருக்கக்கூடாதா?

ஜனவரி 8

கூரைக்கு ஆள் வந்தார். ஒழுகல் நின்றது.

பிப்ரவரி 7

தாள் கையெழுத்தாகிவிட்டது. பத்தும் சரி. பதினொன்றாம் தேதி, நாடு தோன்றிய நாள் விழாவில் அறிவிக்கப்படும்.

யானோ என் மேசைக்கு வந்து மெல்லச் சொன்னார்: "பட்டியலை மறுபடி படியெடுக்கணும், ஹிராயாமா-சான். பதினேழாவது பேரை எடுத்துடுங்க."

"ஏன்?"

"ஜனவரி பதினாலு. நுரையீரல். சிறையிலேருந்து தந்தி வந்திருக்கு."

பதினேழாவது பெயர் செகி மோஹெய், வயது நாற்பத்து மூன்று. அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. புதிய தாளில் இருபத்தைந்து பெயர்களை எழுதினேன். பதினாறுக்குப் பிறகு கை தானாகவே பழைய பெயரை எழுதத் தொடங்கியது. அந்தத் தாளை எரித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எழுதினேன்.

ஒன்பதாவது பெயர் அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 11

அறிவிப்பு வந்தது. கினு செய்தித்தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். ஐம்பது வயதுப் பெண் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க ஏதோ செஞ்சிருக்கீங்கண்ணா. சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

பிப்ரவரி 13

விடுமுறைக்குப் பின் அலுவலகம். ஆகஸ்டிலிருந்து போன தாள்களை எடுத்தேன். தேவையில்லாத வேலை, யாரும் சொல்லவில்லை.

பட்டுப்புழு முட்டை ஏற்றுமதி விதிகள், ஆகஸ்ட் 29. ஒரு கலங்கரை விளக்கத்துக்கான அனுமதி, செப்டம்பர் 10. பாலம் ஒன்று, செப்டம்பர் 27. குதிரை வளர்ப்புப் பண்ணை, அக்டோபர் 6. நான்கிலும் இசாகா அவர்களின் கொக்கு நிற்கிறது. நான்கிலும் கோடு வலப்பக்கம் கனத்து இடப்பக்கம் மெலிகிறது. முதல் இரண்டில் அது கொக்கே அல்ல, நனைந்த கோழி. பதிவேட்டில் நான்குக்கும் நேராக என் கையெழுத்து: 'பார்த்தேன், சரி.'

பார்க்காமல் எழுதவில்லை. பார்த்த நினைவு இருக்கிறது. பட்டுப்புழுத் தாளைப் பார்த்தபோது, 'பெரியவருக்கு இன்று மை அதிகமாகிவிட்டது போல' என்று நினைத்து ஏட்டை மூடியதும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கினுவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக. அக்டோபர் தாள், கொக்கு, ஏழு வரி, இசாகா அவர்களின் கை, செகி மோஹெய். இந்த நான்கு தாள்களையும். மேலங்கி அவள் மடியில் இருந்தது. அவன் வந்திறங்கும் துறைமுகத்துக்கு எடுத்துப்போக வெளியே எடுத்திருந்தாள்.

நான் முடித்ததும் சொன்னாள்: "பட்டுப்புழுவுக்குக் கண்ணை மூடிக்கிட்டீங்க."

"ஆமாம்."

"அப்ப, அந்தப் பட்டியல்ல இவர் பேர் மட்டும் இல்லாம இருந்திருந்தா, அதுக்கும் மூடியிருப்பீங்க. நவம்பர்லயே எல்லாரும் வந்திருப்பாங்க. அந்தச் செகியும்."

"ஆமாம்."

"செகி வீட்டம்மாவும் ஒரு மேலங்கி தெச்சு வெச்சிருப்பாங்களே, அண்ணா."

அவள் அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுதிவைத்திருப்பேன். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

செகி மோஹெய்க்கு மனைவி உண்டா, எந்த ஊர் என்று நாளை யானோவிடம் கேட்க வேண்டும். என் ராஜினாமாவையும் கொடுக்க வேண்டும். இம்முறை ஏழு வரி வேண்டாம்; ஒரு வரி போதும். அதன் பிறகு அந்த ஊருக்குப் போய் அந்த அம்மையாரிடமும் இதே வரிசையில் சொல்ல வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை. போவேன்.

முதல் பக்கத்தைத் திருப்பி, நான் போட்ட வரிசையைப் படித்துப் பார்த்தேன். 'அது என் வேலையை எந்த வகையிலும் பாதிக்காது' என்று எழுதியிருக்கிறேன். தம்பிக்குச் சலுகை காட்டியவன் என்று நாளை ஒருவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவன் தாளை மட்டும் வேறு கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை நேர்மை என்று எண்ணி, நான்கு மாதம் அதோடு நிம்மதியாக இருந்திருக்கிறேன். மற்ற நான்கு குறிப்புகளையும் மாற்ற வேண்டியதில்லை.

நான்காவது குறிப்பு தவறு.